ரத்தினசபாபதி மேலே பேசியிருக்கிறார்

நெய்தற்பேட்டை நகர்மன்றத் தலைவி வேதநாயகி காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும், வழக்கம்போலக் கொண்டையைத் தூக்கிப் பிடித்துப் பிடரியைச் சுவரிடம் காட்டினாள். சுவரில் பதித்திருந்த நிழல்மானி பச்சை வெளிச்சத்தால் அந்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்தது. பிறகு, வாசலில் மனுவோடு காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி உரக்க அறிவித்தது.

“நேற்று தலைவி எடுத்த முடிவுகளில் சொந்த யோசனை நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. பிறர் சொல் நான்கு. அந்த நான்கும் நண்டுக் குழம்பில் புளி சேர்ப்பது பற்றியவை. தலைவி நாற்காலியில் அமரலாம்.”

வேதநாயகி அமர்ந்தாள். வாசலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நண்டுக் குழம்பைப் பற்றிச் சொன்னது யாராக இருக்கும் என்பதே அன்று முழுவதும் ஊரில் பேச்சு.

நிழல்மானி வந்த கதை பழையது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் போட்ட காலத்தில், பல ஊர்களில் மனைவி ஜெயித்தாள், புருஷன் நாற்காலியில் உட்கார்ந்தான். ‘சேர்மன் வீட்டுக்காரர்’ என்று சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு பதவி உண்டாயிற்று. மாலை அவருக்கு, மைக் அவருக்கு, கையெழுத்து மட்டும் மனைவிக்கு. தலைவியின் இடப்பக்கத்தில் அவருக்கென்று தனி நாற்காலியும் போட்டார்கள். தலைமுறைகள் போயும் வழக்கம் போகாததால் அறிவியலைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். குழந்தை பிறந்ததுமே பிடரியில் பதிக்கும் நினைவுச்சில்லு, எந்த எண்ணம் உள்ளே தானாக முளைத்தது, எது காது வழியாக நுழைந்தது என்று பிரித்து வைத்துக்கொள்ளும். நிழல்மானி அதைப் படித்துச் சொல்லிவிடும்.

சோதனை பெண்களுக்கு மட்டும்தான். தப்புச் செய்தவன் புருஷன், பிடரியைக் காட்ட வேண்டியவள் மனைவி. ஆண்களுக்கு ஏன் இந்தச் சோதனை இல்லை என்று ஒரு நிருபர் கேட்டபோது, “ஆம்பளைக்குப் பின்னால யாருங்க இருக்கப் போறா?” என்று அந்தக் காலத்து அமைச்சர் சிரித்தாராம். நிருபரும் கூடச் சிரித்தாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேதநாயகியின் கணவன், ஊர் ஆடுகிறது, தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு என்றைக்கோ தஞ்சாவூருக்குப் போய், ஆடாத ஒரு வீட்டில் இன்னொருத்தியோடு குடியிருந்தான். இடப்பக்க நாற்காலி காலி. அதில் ஒருவன் உட்கார்ந்திருந்தால்கூட ஊர் நிம்மதியாக இருந்திருக்கும். காலியாக இருந்ததால், கண்ணுக்குத் தெரியாத யாரோ உட்கார்ந்திருக்கிறான் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். ஐஸ் ஆலை முதலாளி என்றார்கள் சிலர். நங்கூரப் பிரிவு இன்ஜினீயர் என்றார்கள் வேறு சிலர். தஞ்சாவூர்க்காரனே ரகசியமாக ஆட்டி வைக்கிறான் என்றும் ஒரு கட்சி இருந்தது. அவள் இரண்டாம் முறையாகத் தலைவியாகி, குடிநீர் ஆலையைச் சீராக்கி, பள்ளிக்கூடத்தை அலை குறைவான பக்கத்துக்கு மாற்றியபோது, “எவனோ நல்ல மூளைக்காரன்தான்” என்று மனதாரப் பாராட்டினார்கள்.

ஊர் ஆடுகிறது என்று சொன்னேன் அல்லவா, அது நிஜமாகவே ஆடியது. கடல் ஏறி நாகப்பட்டினத்துப் பழைய கரை உள்ளே போனபின், கடல் மேலேயே கட்டிய மிதவூர்களில் ஒன்று நெய்தற்பேட்டை. வீடு, சந்தை, கோயில், தர்கா, பள்ளிக்கூடம் எல்லாம் மிதவைகளின் மேல். மிதவைகளை ஒன்றோடொன்று பூட்டி, கீழே சங்கிலி போட்டு நிறுத்தியிருந்தார்கள். பல்லாயிரம் பேர் அங்கே பிறந்து, கல்யாணம் பண்ணி, செத்தும் போனார்கள். ஆனால் ஒன்றிய அரசின் பார்வையில் அது ஊர் இல்லை. மிதக்கிற எதுவும் கப்பல். கப்பலை எங்கே வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போகலாம்.

இழுத்துக்கொண்டும் போனார்கள். தெற்கே இருந்த புன்னைத்துறை என்ற மிதவூரை, கப்பல் பாதைக்கு இடைஞ்சல் என்று ஒருநாள் இழுத்துப் போய்விட்டார்கள். பிரசவத்துக்குக் கரை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த பெண்கள் கைக்குழந்தையோடு படகேறித் திரும்பி வந்தபோது ஊரைக் காணவில்லை. இப்போது அடுத்த முறை நெய்தற்பேட்டைக்கு. வடகிழக்குப் பருவம் முடிந்ததும் இழுப்பு என்று துறைமுக இலாகா ஆணை அனுப்பியிருந்தது.

வேதநாயகி முன்பே டெல்லிக்குப் போய்ப் பார்த்தவள். “நகர்மன்றத் தலைவியா? எங்கள் பதிவில் அது கப்பல். கப்பலுக்கு மாலுமிதான் உண்டு” என்று ஓர் அதிகாரி அவளுக்குத் தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பி வைத்தார். திரும்பி வரும் வழியில் அவளுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இங்கே உட்கார்ந்து மனு எழுதிப் பயனில்லை. மனு வாங்குகிற இடத்துக்குப் போக வேண்டும். மிதவூரும் ஊர்தான் என்று ஒரு வரிச் சட்டம் வர வேண்டும். அதற்கு அவள் எம்.பி. ஆக வேண்டும்.

“எனக்கு அந்த சீட் வேணும் ஜுலைகா,” என்றாள், தன் உதவியாளரிடம்.

ஜுலைகா அலுவலகத்துக்கு வந்த நாளிலிருந்தே மனதில் பட்டதை அப்படியே கேட்டுவிடுகிறவள். “ஊருக்காகவாக்கா?”

“ஊருக்காகவும்தான்.”

ஜுலைகா சிரித்தாள். வேதநாயகியும் சிரித்தாள். ஆசை இருந்தது. அந்தப் பெரிய வட்ட மண்டபத்தில் எழுந்து நின்று, தன் குரல் மேல் கூரையில் மோதித் திரும்புவதைக் கேட்க வேண்டும் என்று பல வருஷமாக ஆசை. ஆண்பிள்ளைக்கு இருந்தால் இதை லட்சியம் என்பார்கள். அவளிடம் இருந்ததால் அதற்கும் பின்னால் ஒருத்தனைத் தேடினார்கள்.

கட்சியின் மண்டலச் செயலாளர் இளம்பரிதி மறுநாளே விசைப்படகில் வந்து இறங்கினார். நல்ல மனிதர்தான். யாரையும் கோபித்துப் பேச மாட்டார், யாரையும் நம்பவும் மாட்டார். உள்ளே வந்ததும் இடப்பக்க நாற்காலியைத்தான் முதலில் பார்த்தார். அதன் கைப்பிடியை விரலால் தடவிப் பார்த்தார். தூசி இல்லை. அது அவருக்கு ஏதோ சேதி சொன்னது போலிருக்கிறது.

“உங்க வேலையப் பத்தி தலைமைக்கு ரொம்ப நல்ல அபிப்பிராயம்மா. சீட் குடுக்கலாம்ங்கிற எண்ணம்தான். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. பின்னாடி யாரு?”

“யாருமில்லண்ணே. காலையில நிழல்மானி சொன்னதுதான்.”

“அது ஊருக்குச் சொல்றது. எங்கிட்ட சொல்லுங்க. ஐஸ் ஆலைக்காரரா?”

“அவருக்கும் எனக்கும் கழிவுநீர்க் குழாய் தகராறு. பேச்சுவார்த்தையே கிடையாது.”

“பேச்சுவார்த்தை இல்லாத மாதிரி காட்டிக்கிறது நல்லதுதான்” என்று அவர் தலையாட்டினார்.

வேதநாயகிக்கு உச்சந்தலை சுட்டது. பொறுத்துக்கொண்டாள். “அண்ணே, எனக்குப் பின்னாடி நிஜமாவே யாருமில்ல. முடிவெல்லாம் நான்தான் எடுக்குறேன்.”

இளம்பரிதி அவளைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். “அப்படின்னா அதுதாம்மா பிரச்னையே. நாளைக்கு டெல்லியில ஒரு சிக்கல். ஓட்டுப் போடறதுல ஒரு விட்டுக்கொடுப்பு. நாங்க யார்கிட்ட பேசுறது?”

“எங்கிட்டப் பேசுங்க.”

“உங்ககிட்ட பேசலாம்மா. பேசி முடிச்சப்புறம் யார்கிட்ட பேசுறது?”

அவர் எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டார். “புன்னைத்துறை சேர்மன் பிலோமினாவும் இதே சீட்தான் கேட்குறாங்க. அவங்களுக்குப் பின்னாடி ஒரு பெரியவர் இருக்காராம். முறையா இருக்கு. நேர்காணலுக்கு வர்றப்போ அவரையும் கூட்டிட்டு வாங்க.”

“யாரை?”

“அவரைத்தான்” என்று சொல்லிவிட்டு இளம்பரிதி படகேறினார்.

இப்படியாக, நகர்மன்றத்தில் உட்காரப் பின்னால் யாருமில்லை என்று தினமும் நிரூபித்தவள், நாடாளுமன்றத்துக்குப் போக யாரோ இருக்கிறார் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. அன்று அவள் மனுக்களைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே சங்கிலி கோத்த மிதவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“ஒரு ஆளத்தானேக்கா கேட்குறாங்க? வாடகைக்கு எடுத்துருவோம்” என்றாள் ஜுலைகா.

கரையில் உறவு வாடகை நிலையம் ஒன்று இருந்தது. ஒற்றைப் பிள்ளைக் குடும்பங்கள் பெருகி, பெரியப்பா, மாமா, சித்தப்பா என்ற உறவுகளே அருகிப்போன காலம் அது. கல்யாண மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கக்கூட ஆள் கிடையாது. அதற்காகச் செய்த எந்திரங்கள்தான் பெரியப்பாக்கள். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், நரைத்த அடர்ந்த மீசை, கனத்த குரல். சாப்பாடு தாமதமானாலும், சீர்வரிசையில் சண்டை வந்தாலும், எந்த உறவினரையும் சமாளிக்க மூன்று வாக்கியங்களைப் பதித்துத் தந்திருந்தார்கள். “வாங்க, வாங்க.” “பார்த்துக்கலாம்.” “மேல பேசியிருக்கேன்.” இவற்றுக்கு மேல் ஏதாவது பேச வேண்டுமென்றால், வாடகைக்கு எடுத்தவர் தன் தாடையில் கடுகளவு சில்லு ஒன்றை ஒட்டிக்கொண்டு சத்தமில்லாமல் உதட்டை அசைத்தால் போதும். பெரியப்பா அதைக் கணீரென்று சொல்லிவிடுவார். விருந்தாளிகளின் பெயரைச் சொல்லிக்கொடுக்க வைத்த வசதி அது.

“நிழல்மானியில மாட்டிக்காதா?” என்று வேதநாயகி கேட்டாள்.

“அது மனுஷர் சொன்னதைத்தான் கணக்கெடுக்கும். இதுதான் எதுவுமே சொல்லாதே!”

நிலையத்துக்காரர் இருந்ததிலேயே கம்பீரமான ஒன்றைக் காட்டினார். பெயர் ரத்தினசபாபதி. மறுநாள் காலை அது இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தது.

ஊரில் உண்டான நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும். “அப்பாடா, இவர்தானா!” என்று ஜனங்கள் மூச்சு விட்டார்கள். அது கல்யாண எந்திரம் என்று பார்த்தவுடனே எல்லோருக்கும் தெரிந்தது. பாதிப்பேர் வீட்டுக் கல்யாணத்தில் அதே எந்திரம்தான் பன்னீர் தெளித்திருந்தது. அது ஒரு பொருட்டாகவே யாருக்கும் படவில்லை. மனுவை எடுத்துக்கொண்டு வேதநாயகியைத் தாண்டி நேராக அதனிடம் போனார்கள். அது கைகூப்பியது, தலையாட்டியது, பார்த்துக்கலாம் என்றது. கிழக்கு மிதவையிலிருந்து ஒரு பெண்மணி, குடிநீர்க் குழாய் சரியானதற்கு நன்றி சொல்ல ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்தார். முந்தின மாதமே வேதநாயகி இரண்டு நாள் குழாயடியில் நின்று சரிசெய்த வேலை அது. பழம் ரத்தினசபாபதியின் காலடியில் வைக்கப்பட்டது.

“மேல பேசியிருக்கேன்” என்றது அது.

“தெரியும்ங்கய்யா, நீங்க பேசாம இது நடக்குமா?” என்றார் பெண்மணி.

வேதநாயகி பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரே வாரம், நேர்காணல் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். ஊரே அவர் என்று சொல்லத் தொடங்கியபின் நான் மட்டும் அது என்று சொல்லி என்ன ஆகப் போகிறது? இனி நானும் அவர் என்றே சொல்கிறேன்.

நேர்காணல் கரையில், கட்சி அலுவலகத்தில் நடந்தது. பிலோமினா முன்பே வந்திருந்தாள். வேதநாயகியின் வயதுதான் இருக்கும். இழுத்துப் போன ஊரைச் சங்கிலி சங்கிலியாகப் பூட்டி மறுபடி நிலைநிறுத்தியவள் என்று பெயர். அவள் பக்கத்தில் ஒரு பெரியவர் கதர் ஜிப்பாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியும் மற்றவளின் பெரியவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

இளம்பரிதி கதவைத் திறந்தார். “பெரியவங்க ரெண்டு பேரும் உள்ள வாங்க. அம்மா, நீங்க ரெண்டு பேரும் இங்கயே டீ சாப்பிட்டுட்டு இருங்க.”

“எங்களுக்குத்தானே நேர்காணல்?” என்றாள் பிலோமினா.

“உங்களுக்குத்தாம்மா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

தாடைச் சில்லின் வீச்சு சுவருக்கு அந்தப் பக்கம் எட்டாது. ரத்தினசபாபதி உள்ளே தன் மூன்று வாக்கியங்களோடு தனியாக இருந்தார். வேதநாயகி டீயைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். கதவு மெல்லிய பலகை. உள்ளே பேசுவது நன்றாகவே கேட்டது.

“ஐயா, சீட் ஒண்ணு. கேட்குறது ரெண்டு ஊர். விட்டுக்கொடுக்கணும்” என்றது இளம்பரிதியின் குரல்.

“பார்த்துக்கலாம்” என்றார் ரத்தினசபாபதி.

“பார்த்துக்கலாம்” என்றது இன்னொரு கனத்த குரல்.

“தலைமைக்கு என்ன சொல்றது?”

“மேல பேசியிருக்கேன்” என்றார் ரத்தினசபாபதி.

“மேல பேசியிருக்கேன்” என்றார் மற்றவரும்.

உள்ளே பேனா மேசையைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. இருவரும் தன்னைத் தாண்டி எவ்வளவு உயரத்தில் பேசியிருக்கிறார்கள் என்று இளம்பரிதி யோசித்திருக்க வேண்டும்.

வெளியே இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிலோமினாவின் முகம் வெளுத்தது. அவளுடையதும் அதே நிலையத்துப் பெரியப்பாதான். இருவருக்கும் அந்த நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. அப்போதாவது ஒருத்தி வாய்விட்டுச் சிரித்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஒருத்தியும் சிரிக்கவில்லை. நம்மை மாதிரியே யோசித்திருக்கிறாளே என்று வேதநாயகிக்குத் தோன்றவில்லை. எந்திரத்தை வாடகைக்கு எடுக்கிற யோசனையை இவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் யாராக இருக்கும் என்றுதான் தோன்றியது. பிலோமினா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பி உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால், அவளும் அதையேதான் யோசித்தாள் என்று தெரிந்தது.

இளம்பரிதி முகமெல்லாம் மலர்ச்சியாக வெளியே வந்தார். “இவ்வளவு சுமுகமா ஒரு நேர்காணல் நடந்ததே இல்ல. பெரியவங்க ரெண்டு பேரும் ஒரே கருத்து. நெய்தற்பேட்டைக்குத்தான் சீட்.”

வேதநாயகி எழுந்து நின்றாள்.

“ரத்தினசபாபதி ஐயாவுக்கு” என்று முடித்தார் இளம்பரிதி.

“அண்ணே, அது கல்யாண எந்திரம்! வாடகைக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன்!”

“தெரியும்மா. எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துல சந்தனக் கிண்ணத்தோட நின்னவர்தானே?” இளம்பரிதி குரலைத் தாழ்த்தினார். “எந்திரங்ககிட்ட வரி வாங்கணும்னு அந்தக் காலத்துல அரசாங்கம் குடிமை எண் குடுத்துச்சு. குடிமை எண் இருக்குற யாரும் எலக்‌ஷன்ல நிக்கலாம். ஆண்ங்கிற கட்டத்துல டிக் அடிச்சிருக்கு. நிழல்மானித் தொல்லையும் கிடையாது. பின்னாடி இருக்குறவரு நேரா முன்னாடி வந்துட்டா எங்களுக்கும் ஒரு வேலை மிச்சம்.”

“அவரு எதுவும் யோசிக்க மாட்டாருண்ணே. மூணே வார்த்தைதான் பேசுவாரு.”

“கட்சியில மூணு வார்த்தை பேசத் தெரிஞ்சவங்களே கம்மிம்மா” என்றார் அவர். அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

திரும்பும் படகில் வேதநாயகி ஓரமாக உட்கார்ந்தாள். எதிரே ரத்தினசபாபதி வேட்டி நுனி நனையாமல் பிடித்துக்கொண்டு, கடந்துபோன படகுகளுக்கெல்லாம் கைகூப்பிக்கொண்டிருந்தார். அவரைக் கடலில் தள்ளிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் ஒவ்வொரு காலையும் பிடரியைக் காட்டியவள் அவள். ஒருநாள்கூட எவனுக்கும் நிழல் விழ இடம் கொடுத்ததில்லை. அதற்குக் கிடைத்த பலன், ஒரு பன்னீர்ச் செம்புக்காரருக்கு எம்.பி. சீட்.

“வேண்டாம்னு எழுதிக் குடுத்துரலாமா ஜுலைகா?”

ஜுலைகா தூரத்தில் தெரிந்த நெய்தற்பேட்டையைக் காட்டினாள். சாயங்கால வெயிலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மிதவை ஓரத்தில் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். அதற்கு அப்பால், இழுவைக் கப்பல் ஒன்று ஒத்திகை பார்க்க வந்து நின்றிருந்தது.

“வாய் அவரோடது. பேச்சு உங்களோடது. ஊர் நின்னா போதும்னு நினைச்சா, போங்க. நான் பேசுறதை நாலு பேர் பார்க்கணும்னு நினைச்சா, வேண்டாம்னு எழுதிக் குடுத்துருங்க. ரெண்டும் தப்பில்லக்கா.”

ரெண்டாவதையும் தப்பில்லை என்று சொன்னவள் ஜுலைகா ஒருத்திதான். வேதநாயகி இழுவைக் கப்பலைப் பார்த்தாள். அதன் கொக்கி, நகர்மன்றக் கட்டடம் அளவுக்குப் பெரிதாக இருந்தது. அவள் தாடையில் சில்லை ஒட்டிக்கொண்டாள்.

தேர்தலைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ரத்தினசபாபதி வாசல் வாசலாகப் போய்க் கைகூப்பினார். பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தார். “யார் பேச்சையும் கேட்காத மனுஷன்” என்று பத்திரிகைகள் எழுதின. “சொந்த புத்தி உள்ளவர்” என்று ஐஸ் ஆலை முதலாளி மேடையில் பாராட்டினார். வேதநாயகி நகர்மன்றப் பதவியை விட்டுவிட்டு, எம்.பி.யின் உதவியாளர் என்ற அடையாள அட்டையோடு டெல்லிக்குப் போனாள். அட்டையில் உறவுமுறை என்ற இடத்தில் என்ன போடுவது என்று எழுத்தர் கேட்டார். எதையாவது போடுங்கள் என்றாள். அவர் ‘குடும்பத்தார்’ என்று போட்டுக்கொண்டார்.

மிதவூர்ச் சட்ட முன்வரைவு அவைக்கு வந்த அன்று, அவள் பார்வையாளர் மாடத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கீழே வட்ட மண்டபம். அவள் ஆசைப்பட்ட அதே இடம். ரத்தினசபாபதி எழுந்தார். வேதநாயகி குனிந்து உதட்டை அசைத்தாள்.

“அவைத்தலைவர் அவர்களே,” என்று அவர் குரல் கூரையில் மோதித் திரும்பியது. “பிரசவத்துக்குக் கரைக்குப் போன ஒரு பெண், குழந்தையோடு திரும்பி வந்தபோது அவள் ஊர் அங்கே இல்லை. படகுக்காரர் எந்த ஊருக்குப் போகணும் என்று கேட்டபோது, அவள் கடலைக் காட்டினாள். அந்தக் குழந்தையின் சொந்த ஊரின் பெயரை இந்த அரசு எப்படி எழுதிக்கொண்டது தெரியுமா? கப்பல் எண் என்று எழுதிக்கொண்டது…”

அவை நிசப்தமாகக் கேட்டது. அவர் முடித்தபோது எதிர்வரிசைக்காரர்களும் மேசையைத் தட்டினார்கள். மேலே கூரையில் மோதிய குரல் தன்னுடையது இல்லை என்பது வேதநாயகிக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பேச்சு தன்னுடையது என்ற பெருமையும் கூடவே இருந்தது. இரண்டில் எது பெரிது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பக்கத்து நாற்காலிப் பெண்மணி அவள் முழங்கையைத் தொட்டார். சேலத்துப் பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. “உங்க வீட்டுக்காரருங்களா?”

“குடும்பத்தார்.”

“எவ்ளோ அறிவா பேசுறாருங்க! குடுத்து வச்சவங்க நீங்க.”

வேதநாயகி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், கீழே சேலத்து உறுப்பினர் எழுந்தார். உயரமான, நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதர். “நண்பர் ரத்தினசபாபதி அவர்களை வழிமொழிகிறேன்” என்று தொடங்கி, மிதவூர்ப் பெண்களின் பிரசவ விடுப்பு வரைக்கும் புள்ளிவிவரத்தோடு பேசினார். பக்கத்துப் பெண்மணி அதற்குமேல் அவளிடம் பேசவில்லை. குனிந்திருந்தார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

வேதநாயகி மெதுவாக நிமிர்ந்து மாடத்தின் வரிசையைப் பார்த்தாள். கீழே ஒடிசா உறுப்பினர் எழுந்தபோது, தூண் ஓரத்தில் பருத்திச் சேலை கட்டிய ஒருத்தியின் உதடு அசைந்தது. கேரளத்து உறுப்பினர் எழுந்தபோது, பின்வரிசையில் கண்ணாடி போட்ட ஒருத்தியின் உதடு. அங்கே, கோடியில், பிலோமினா. அவள் பெரியவரும் எப்படியோ இன்னொரு தொகுதியில் நின்று ஜெயித்திருக்கிறார். மாடம் முழுக்கப் பெண்கள். மாடம் முழுக்க ஓசையில்லாத பேச்சு. கீழே ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், நாடு கேட்டுக்கொண்டிருந்தது.

குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. நெய்தற்பேட்டை ஊர் ஆனது. இனி யாரும் அதை இழுக்க முடியாது. வேதநாயகிக்குக் கண்ணீர் பெருகிக் கன்னத்தில் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. இந்த மாடத்தில் இருப்பவர்கள் ஒருத்தியின் கையை ஒருத்தி பிடித்துக்கொண்டால் போதும், அந்த நிழல்மானிச் சட்டத்தையும் இன்று மாலைக்குள் கடலில் தூக்கி எறிந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவைப் பெரும்பான்மை அவர்கள் உதட்டில் இருந்தது. அவள் சேலத்துப் பெண்மணியின் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினாள்.

பாதி வழியில் கை நின்றது. பிரசவ விடுப்பு, புள்ளிவிவரம், அவ்வளவு சுத்தமான பேச்சு. இவளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பது யார்?

சேலத்துப் பெண்மணியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரக் கன்னத்தை, தாடையை, தாடையில் ஒட்டியிருந்த சில்லை. பிறகு மெல்லிய குரலில் கேட்டார்.

“தனியாவா வந்திருக்கீங்க? கூட ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?”

வேதநாயகி கையை மடியில் வைத்துக்கொண்டாள். “வந்திருக்காங்க. கீழ நிக்கிறாங்க” என்றாள்.

“எங்க வீட்லயும் கீழதான் நிக்கிறாங்க” என்றார் அந்த அம்மாள். இருவருக்கும் நிம்மதியாக இருந்தது.